தறியில் கூப்பிட்ட பெயர்

"தறியில இருக்கிற புடவைய முடிச்சு அறுத்துட்டு நான் அங்கயே போய் இருந்துடறேன்" என்றார் பஞ்சாட்சரம்.

இந்திராணி அவர் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி தட்டின் விளிம்பில் இடித்தது.

"எங்க?"

"திருப்புட்குழிக்கு."

"எத்தினி நாளைக்கு?"

அவர் ரசம் போதும் என்று கையைக் காட்டினார். பிசைந்தார். ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்றார். அங்கே தியானத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மெல்லும்போது மெல்வதை மட்டும் கவனிக்க வேண்டும்.

"தறிய யாருக்குனா குடுத்துடு. நீ உன் தம்பி வூட்டுக்குப் போறதுன்னாலும் போ. இங்கயே இருக்கிறதுன்னாலும் இரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பதிலுக்குக் கத்தியிருப்பாள். பாத்திரத்தை எடுத்து வீசியிருப்பாள். அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். முதுகு நேராக இருந்தது. அந்த முதுகை இந்திராணி ஏழெட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஐப்பசியில் வாலாஜாபாத் ரோட்டில் கல் ஏற்றி வந்த லாரி அவர்கள் மகன்மேல் ஏறியது. ஒரே பிள்ளை. கம்பெனி வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். சடங்கு செய்தவர், இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார். பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் இந்திராணியின் தம்பிதான் சொன்னான்.

அன்று நின்ற வாய்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை. சோறு வேண்டும் என்பார், தண்ணீர் வேண்டும் என்பார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அழுகை கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவில் தறியில் உட்கார்ந்தவர்கள் வாய் சும்மா இருக்காது. சிலர் செல்போனில் பாட்டுப் போட்டு, கூடவே பாடுவார்கள். சிலர் பக்கத்துத் தறிக்காரனோடு அரசியல் பேசுவார்கள். பஞ்சாட்சரம் தறியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரே பெயர்தான். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை எறியும்போது 'குமரா' என்பார். ஒரு எறிக்கு ஒரு குமரா. குமரகோட்டத்து முருகன் பெயர். அதுதான் அவருக்குப் பூசை, அதுதான் ஜபம். மாலை உருட்ட நேரம் ஏது? கை நாடாவில் இருக்கும். வாய் சாமியிடம் இருக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் இந்திராணியைக் கோர்வை போட உட்கார வைத்தார். புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவர் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்காருவார். அவர் கைக்கு எட்டாத வலப்பக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து, இந்தப் பக்கம் வருகிற நூலோடு அந்தக் கரை நூலைக் கோத்து, சின்ன நாடாவைத் திருப்பி எறிய வேண்டும். எப்போது எறிவது என்பதற்கு ஒரு குரல் வேண்டும். பஞ்சாட்சரத்திடம் அந்தக் குரல் ஏற்கெனவே இருந்தது.

"என்னையா குமரான்னு கூப்பிடறீங்க?" என்று அப்போது அவள் சிரித்தாள்.

"உன்னை இல்ல. சாமிய. நீ போடு."

அவள் போட்டாள். பல வருஷம் போட்டாள். பிள்ளை இல்லை. கிருத்திகை தவறாமல் குமரகோட்டத்துக்கு நடந்தார்கள். கடைசியில் பிறந்தவனுக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. குமரகுரு. பிள்ளைக்குச் சாமி பெயர் வை, அவனைக் கூப்பிடுகிற சாக்கில் சாமியைக் கூப்பிட்ட புண்ணியமும் சேரும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்று போகும்போது இன்னொன்றும் சேர்ந்து போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.

பையன் வளர்ந்து வலப்பக்கம் உட்கார்ந்தான், கம்பெனி வேலைக்குப் போன பிறகும் லீவு நாளில் உட்கார்ந்தான். அப்பா "குமரா" என்பார். "இன்னாபா" என்பான். நாடா திரும்பி வரும்.

"உன்னை இல்லடா. சாமிய."

"சாமி நைட் ஷிப்டுபா. இப்போ நான்தான் டூட்டில இருக்கேன்."

ஒவ்வொரு எறிக்கும் 'இன்னாபா' என்பான். வேண்டுமென்றே சொல்வான். பஞ்சாட்சரம் முதலில் திட்டினார். பிறகு அது தறிச் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது. குமரா, இன்னாபா, நூலை நெருக்குகிற பலகை இடிக்கிற சத்தம். அடுக்களையில் இருக்கிற இந்திராணிக்கு அந்த மூன்றும் வரிசையாகக் கேட்டால் வீடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அவருக்கு மகன் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. குமரகோட்டம் பக்கம் போவதில்லை. வேறு வேலையாகப் போனாலும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனார். பெயரே வேண்டாத இடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். திருப்புட்குழி தாண்டி மாந்தோப்புக்குள் ஒரு தியான நிலையம். புத்தர் வழி. மந்திரம் கிடையாது, பாட்டுக் கிடையாது. மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பேசக்கூட வேண்டியதில்லை. பஞ்சாட்சரம் ஒரு முகாமுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். ஒவ்வொரு தடவை வரும்போதும் இன்னும் கொஞ்சம் குறைந்து வந்தார்.

"குடிக்காம இருக்கிறாரே, அதுக்கு சந்தோஷப்படுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு மஹாலட்சுமி.

"குடிச்சாலாவது அழுவாரு" என்றாள் இந்திராணி.

மஹாலட்சுமிதான் அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். ப்ளக்கில் சொருகினால் 'ஓம் சரவணபவ' என்று நாள் முழுக்க ஓடுகிற பெட்டி. "காதுல உழுந்துக்கினே இருந்தா வாய்ல வந்துடும்கா. கரண்ட் போனாதான் கஷ்டம். சாமியும் கூடவே போயிடும்." இந்திராணி அதைத் தறிக்குப் பக்கத்தில் மாட்டினாள். பஞ்சாட்சரம் வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுற்றி, பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

தறியில் இருந்தது மகன் பாதி கோர்வை போட்ட புடவை. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. ஐப்பசியிலிருந்து வேட்டி போட்டு மூடிக் கிடந்தது. பட்டு முதலாளியுடையது. அவர் நல்ல மனிதர், கேட்கவில்லை. ஆனால் ஒருவர் நெய்யக் கொடுத்த பாவு நூலைத் தறியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை பஞ்சாட்சரம். அதனால் போன வாரம் வேட்டியை எடுத்தார். இந்திராணியை வலப்பக்கம் உட்காரச் சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். தறி ஓடினால் மனிதர் திரும்புவார் என்று நினைத்தாள்.

இப்போதுதான் புரிந்தது. தறிக்குத் திரும்புவதற்காக இல்லை, முடித்துவிட்டுப் போவதற்காக எடுத்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் பாவில் அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இந்திராணி பஸ் ஏறினாள்.

மாந்தோப்பில் தகரக்கூரை போட்ட கூடம் ஒன்று. வாசலில் சிமெண்டுப் புத்தர். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ஆதிகேசவன், அங்கே சொல்லித் தருகிறவர். பெருமாள் பெயர் வைத்த விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பர்மா போய்த் தியானம் கற்று வந்தவர் என்று பஞ்சாட்சரம் எப்போதோ சொல்லியிருந்தார்.

"யாரும்மா?"

"இங்க வர்றாரே, பிள்ளையார்பாளையத்துலேர்ந்து. அவரு வூட்டுல."

"பேரு?"

புருஷன் பெயர் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "சிவனோட அஞ்செழுத்து" என்றாள்.

அவர் சிரித்தார். "பஞ்சாட்சரமா. உக்காருங்கம்மா." குழாயை மூடினார்.

அவள் உட்காரவில்லை. "எனக்கு அவரு வேணும்."

"நான் புடிச்சு வெச்சுக்கலியேம்மா."

"இங்கயே வந்து இருக்கப் போறேன்றாரு. வாணாம்னு சொல்லி அனுப்பிடுங்க. உங்க கால்ல உழறேன்."

உண்மையிலேயே குனிந்தாள். அவர் பதறி நகர்ந்தார். ஈர மண்ணில் அவள் கை பட்டது.

"ஏந்திருங்கம்மா. அனுப்பிடலாம். கேட்டை மூடிடலாம். வேற எங்கயாவது போவாரு. அந்த எடத்துல கேட்டு இருக்குமோ இருக்காதோ."

அவளுக்கு ரயில் பாதை ஞாபகம் வந்தது. அவர்கள் தெருவிலிருந்து அது அதிக தூரம் இல்லை. அவள் கத்தரிப் பாத்தி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படி இன்னா சொல்லிக் குடுக்கறீங்க? பெத்த புள்ளைய மறக்கறதுக்கா?"

"மறக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலம்மா. எனக்கே அது தெரியாது. மூச்சு வருது, போவுது. அதுக்குப் பேரு கிடையாது. அதைப் பாருங்கன்றேன். நடுவுல எது வந்தாலும் வரட்டும், அதையும் பாருங்கன்றேன். தள்ளாதீங்க, புடிக்காதீங்க. அவ்ளோதான் பாடம்." ஒரு கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தார். "அவரு பாக்கல. சண்டை போடறாரு."

"யார்கிட்ட?"

"மூச்சு உள்ள போவும்போது ஒரு பேரு வருதாம். வெளிய வரும்போதும் அதே பேரு வருதாம். அதை நிறுத்தறதுக்கு வழி சொல்லுங்கன்னு கேட்டுக்கினே இருக்கிறாரு. நிறுத்த வாணாம், வரட்டுமேன்னேன். முடியலன்னாரு. இங்கயே இருந்தா ஒருநாள் நின்னுடும்னு நெனைக்கிறாரு."

இந்திராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை மாதமாக அந்த முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டா உட்கார்ந்திருந்தார்?

"அது எங்க புள்ள பேரு" என்றாள். "எங்க சாமி பேரும் அதான்."

ஆதிகேசவன் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அதை வாய்ல சொல்ல வெக்கணும். எப்படின்னு சொல்லுங்க."

"நீங்க சொல்லிப் பாத்தீங்களா, அவரு எதிர்ல?"

அவள் யோசித்தாள். அவன் என்றிருக்கிறாள். பிள்ளை என்றிருக்கிறாள். மஹாலட்சுமியிடம்கூட 'எங்க பையன்' என்றுதான் சொல்கிறாள்.

"இல்ல."

"எனக்கு வழி தெரியலம்மா" என்றார் ஆதிகேசவன். "தெரிஞ்சா சொல்லிடுவேன்." பொய் சொல்கிற முகம் இல்லை. தெரியாது என்று ஒருவர் சொன்னது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. பயமாக இருந்தது. கடைசிக் கதவு அதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். சத்தம் இல்லாமல் வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "இன்னாமா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள்.

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாட்களிலும் புடவை வளர்ந்தது. பஞ்சாட்சரம் பேசாமல் நெய்தார். குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் தலையை அசைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலை அசைந்தால் நாடாவை எறிய வேண்டும். எறிந்தாள். நூல் கோத்தது. பலகை இடித்தது.

நெய்த துணி படமரத்து உருளையில் சுருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது. மகன் விட்ட இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அவன் கோர்வை கொஞ்சம் தளர்வாக இருக்கும். அவள் பிடி இறுக்கம். கரை ஓரத்தில் விரல் வைத்துத் தடவினால் தளர்ச்சி முடிந்து இறுக்கம் தொடங்குகிற இடம் தெரியும். அந்த இடமும் சுருளுக்குள் போய்விட்டது.

ஒவ்வொரு எறியும் அவரை வெளியே அனுப்புகிற எறி. அவள் கைதான் எறிகிறது. வேண்டுமென்றே மெதுவாகப் போட்டாள். தண்ணீர் தாகம் என்று எழுந்தாள். அடுப்பில் பால் என்று எழுந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவருக்குக் காத்திருப்பது இப்போது ஒரு கஷ்டமே இல்லை.

கடைசியாக ஒரு முழம் பாக்கி இருந்த காலையில் மஹாலட்சுமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு அறுக்கறீங்களா அண்ணா? குரல் குடுங்க, கற்பூரம் எடுத்துக்கினு வரேன்." புடவை அறுக்கும்போது கற்பூரம் காட்டுவது அந்தத் தெரு வழக்கம். எப்போதும் அவள்தான் கொண்டுவருவாள். அண்ணன் அதற்குப் பிறகு எங்கே போகப் போகிறார் என்று அவளுக்கு இந்திராணி சொல்லியிருக்கவில்லை.

பஞ்சாட்சரம் தலையை ஆட்டினார். தறிக்குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்தார். கூடத்து மூலையில் அவர் துணிப்பை தயாராக இருந்தது. இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு டம்ளர்.

பாவில், புடவை முடிகிற இடத்தில், சிவப்பாக ஒரு மைக்குறி இருந்தது. அதற்கப்புறம் அரைச் சாண் வெறும் இழையாக விட வேண்டும். அங்கேதான் அறுப்பார்கள். அதைத் தாண்டி அதே பாவில் அடுத்த புடவை. குறி இன்னும் இழைகள் நுழைந்து வருகிற அச்சுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க நகர்ந்து வந்தது.

கொஞ்ச நேரம் நெய்தார்கள். பிறகு இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பலகைச் சத்தம் நின்றது.

அவர் தலையை அசைத்திருப்பார். இன்னொரு தடவை அசைத்திருப்பார்.

"இந்திரா."

"ம்."

"போடு."

"எனக்குக் கண்ணு தெரியல. கூப்பிடுங்க, போடறேன்."

"கூப்பிட்டனே."

"அது என் பேரு. தறிக்கு அது இல்ல."

"வெளையாடாத."

"நானா வெளையாடறேன்?"

அவர் உடம்பை எக்கி அவள் பக்கத்து நாடாவைத் தானே எடுக்கும் சத்தம் கேட்டது. எட்டி எறிந்தார். ஒரு கையால் அது முடியாது. இழை ஒன்று அறுந்தது. அவர் அதை எடுத்து முடிந்தார். மறுபடி எறிந்தார். மறுபடி அறுந்தது. அவர் மூச்சு பெரிதாகக் கேட்டது. உள்ளே போகிற மூச்சு. வெளியே வருகிற மூச்சு. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு மட்டும்தான் வந்தது.

"சிவா" என்றார். பூட்டுக்கு வேறு சாவி போட்டுப் பார்க்கிற மாதிரி.

அவள் கை நகரவில்லை.

"சிவா, போடு."

"அது இல்ல."

தறிக்குழியில் கால் மிதிப்பலகையை விட்டு எடுக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். அவர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. மூலையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையை அறுக்காமலே போகத் துணிந்துவிட்டார். முதலாளியின் பட்டைத் தறியில் விட்டுவிட்டு. அப்படிப் போகிற மனிதன் திருப்புட்குழிக்குத்தான் போவான் என்று என்ன நிச்சயம்?

போட்டுவிடலாம் என்று நாடாவை எடுத்தாள். கண்ணை மூடியது தப்பு, போடுகிறேன், உட்காருங்கள், முடித்துவிட்டே போங்கள் என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறு ஒன்று வெளியே வரப் பார்த்தது. பஸ்ஸில் சத்தமில்லாமல் வந்தது.

"கு" என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை.

திறந்த வாய் அப்படியே நின்றது. மூடவும் முடியவில்லை. "கு" என்றாள் மறுபடி. இருமல் மாதிரி இருந்தது. கையில் நாடாவைப் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, அவரைப் பார்த்தாள். அவரால்தான் முடியவில்லை என்று இத்தனை மாதம் நினைத்திருந்தாள்.

பஞ்சாட்சரம் பாதி எழுந்த நிலையில் நின்றார். அவள் வாயையே பார்த்தார். அந்த வாய் அவருக்குத் தெரியும். சடங்கு செய்தவர் எதிரில் அவருடையது நின்ற மாதிரியே நின்றிருந்தது.

"இந்திரா" என்றார். "இந்திரா, வுடு."

அவள் தலையை ஆட்டினாள். விட முடியவில்லை. "கு" என்றாள்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். கால் மிதிப்பலகைக்குப் போனது. பாடம் மறந்து நிற்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல அவள் பக்கம் சாய்ந்தார்.

"குமரா" என்றார்.

சத்தமாக இல்லை. கரகரப்பாக, நாளாகத் திறக்காத குழாயில் முதலில் வருகிற தண்ணீர் மாதிரி வந்தது.

அவள் கை நாடாவை எறிந்தது. அவள் எறியவில்லை. கை எறிந்தது. பல வருஷத்துப் பழக்கம்.

நூல் கோத்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். 'இன்னாபா' வரவேண்டிய இடம். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாவைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய இடமா அது? தெருவில் ஒரு வண்டி போனது. எங்கோ இன்னொரு தறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

பஞ்சாட்சரத்தின் முகம் கோணியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இந்திராணி அதற்கு முன் கேட்டதில்லை. மாடு கத்துவது மாதிரி இருந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வடிந்தது. பட்டில் விழாமலிருக்க முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்தார். அந்த நேரத்திலும் அது தெரிந்திருந்தது.

"இல்லடி" என்றார். "சத்தம் வரல பாரு. பதில் வரல பாரு."

"வராது."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?"

ஆதிகேசவன் மாதிரி தெரியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான். நாடா அவர் பக்கம் கிடந்தது. அவள் வலப்பக்கம் உட்கார்ந்த அந்தப் பழைய வருஷங்கள் நினைவுக்கு வந்தன. பிள்ளை இல்லாத வருஷங்கள். அப்போதும் நாள் முழுக்க இதே பெயரைத்தான் கூப்பிட்டார். அப்போதும் யாரும் பதில் சொன்னதில்லை. பதில் வரவில்லையே என்று அவர் ஒருநாளும் நாடாவைக் கீழே வைத்ததில்லை.

"முன்னாடி மட்டும் பதிலா வந்துச்சு?" என்றாள். "கூப்பிடுங்க."

அவர் நாடாவை எடுத்தார். முதலில் எறிந்தது பாதியில் நின்றது. திருப்பி எடுத்து எறிந்தார்.

"குமரா."

அவள் போட்டாள். அந்த இடம் வந்தது. காலியாக இருந்தது. பலகை இடித்தது.

"குமரா."

போட்டாள்.

ஒவ்வொரு தடவையும் அது புதிதாகக் குத்தியது. பழகவில்லை. மகனைக் கூப்பிடுகிறாரா சாமியைக் கூப்பிடுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. சில குமரா திட்டுகிற மாதிரி வந்தது. சில, தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி வந்தது. அழுகை நடுவில் வந்தது, நின்றது, வந்தது. அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. முகத்தைத் தரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். காது போதும். இப்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிவப்புக் குறி அச்சுக்கு இந்தப் பக்கம் வந்தது.

அவள்தான் முதலில் பார்த்தாள். புடவை முடிந்துவிட்டது. இங்கே நிறுத்த வேண்டும். இழையை வெறுமனே விட்டு, கற்பூரம் காட்டி, அறுக்க வேண்டும். தறி தெரிந்த எவனும் இந்த இடத்தில் ஒரு எறிகூட அதிகம் எறிய மாட்டான். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண் திறந்துதான் இருந்தது. குறி அவர் கைக்கு நேர் எதிரில் இருந்தது.

"குமரா."

அவள் கையில் நாடா இருந்தது. ஒரு கணம் வைத்துக்கொண்டிருந்தாள். போட்டாள்.

குறி துணிக்குள் போனது. அதன்மேல் மயில்கழுத்து ஏறியது. அறுப்பதற்கு வெறும் இழையாக விடவேண்டிய இடம் ஒரு விரல்கடை மூடியது. இரண்டு விரல்கடை மூடியது.

வாசலில் மஹாலட்சுமியின் குரல் கேட்டது. உள்ளே வரவில்லை. தறியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். குரல் தணிந்திருந்தது.

"யக்கா, கற்பூரம் கொண்டாந்துட்டேன். அறுத்தாச்சா?"

பஞ்சாட்சரம் திரும்பவில்லை. நாடாவை எறிந்தார். பெயரைச் சொன்னார்.

"இன்னும் இல்ல" என்றாள் இந்திராணி. நாடாவைத் திருப்பி எறிந்தாள்.